மூக்கடைப்பும் கேஸ் இணைப்பும்

வாசனை தெரியாதவன் அத்தர்கூட விற்கலாம். பாட்டிலைத் திறந்து நீட்டினால் போதும், மிச்சத்தை வாங்குகிறவர் மூக்கு பார்த்துக்கொள்ளும். கேஸ் விற்க மட்டும் போகக் கூடாது. நான் போனேன்.

எண்பதுகளின் தொடக்கம். வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டு (இரண்டாவது முயற்சியில்) அலைந்துகொண்டிருந்த எனக்கு, சங்கரன்கோவிலில் ஒரு கேஸ் ஏஜென்சியில் டெமோ காட்டும் வேலை கிடைத்தது. புது இணைப்பு கொடுத்த வீட்டுக்குப் போய் அடுப்பை மாட்டி, எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று விளக்க வேண்டும். சட்டைப் பையில் இரண்டு பேனா குத்திக்கொண்டேன். அதில் ஒன்று எழுதாது.

ஊரில் கேஸுக்கு ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது. மண்ணெண்ணெய் விலை ஏறிக்கொண்டே போனது. ரேஷன் கடையில் வரிசையில் நின்றால், நம் முறை வரும்போது பீப்பாயைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். விறகும் மலிவாக இல்லை. ஆனாலும் சிலிண்டரைப் பார்த்தால் நாலடி தள்ளி நின்றார்கள்.

அந்த வாரம் புது இணைப்பு வாங்கிய மாரியம்மாள் அக்காவின் கணவர் நாற்பதடி தள்ளி நின்றார்.

"வே, வெடிகுண்டைக் கொண்டாந்து அடுக்களையில வைக்கச் சொல்லுதீரு. நான் எதுத்த வீட்டுல இருக்கேன். முடிஞ்சதும் சொல்லி அனுப்பும்" என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து போய்விட்டார்.

அன்று எனக்கு மூக்கில் மெழுகை ஊற்றி அடைத்ததுபோல் சளி. வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, சளிக்கெல்லாம் லீவு கேட்பதா என்று முதலாளியிடம் வாயைத் திறக்கவில்லை.

அடுக்களையில் அக்கா, அதன் வாசலில் தெருப் பெண்கள் நாலு பேர். நான் ஆரம்பித்தேன். "கேஸுக்குன்னு தனியா வாசனை கிடையாது. கசிஞ்சா தெரியணும்னுதான் நாத்தத்தைக் கலந்து அனுப்புதாங்க. நாறுச்சுன்னா உடனே ரெகுலேட்டரை மூடணும். கதவு, ஜன்னலைத் திறக்கணும். தீக்குச்சி உரசக் கூடாது. சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. பக்கத்துல விறகடுப்பு எரியவே கூடாது."

அக்கா ஒவ்வொன்றாக விரல் மடக்கி முணுமுணுத்துக்கொண்டார். கொல்லையில் விறகடுப்பு எரிகிறதா என்று நான் எட்டிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

பிறகு அடுப்பின் குமிழ்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகிக் காட்டினேன். ஒன்று திறந்தே கிடந்தது. அதைக் கவனிக்காமல் ரெகுலேட்டரைத் திறந்தேன். சீறும் சத்தம் வந்திருக்கும். பக்கத்து வீட்டில் ஓடிய விசைத்தறிகள் அதை விழுங்கிவிட்டன. நான் மண்ணெண்ணெய் விலையையும் கேஸ் விலையையும் ஒப்பிட்டு ஒரு பிரசங்கத்தில் இறங்கினேன்.

அக்கா முகத்தைச் சுளித்தார். "தம்பி, என்னமோ நாறுதுல்லா?"

"புது ரப்பர் டியூப்புக்கா. அப்படித்தான் இருக்கும்."

"ரப்பரா? நீங்க இப்பச் சொன்னியளே, அந்த நாத்தம்லா வருது."

"எனக்கு ஒண்ணும் வரலையே! என் மூக்குக்குத் தெரியாம ஒண்ணும் கசியாதுக்கா" என்று பெருமையாகச் சொல்லி, தீப்பெட்டியை எடுத்துக் குச்சியை உருவினேன்.

மணிக்கட்டில் ஓர் அறை விழுந்தது. தீப்பெட்டி பறந்துபோய்த் தண்ணீர்க் குடத்துக்குள் விழுந்தது. நான் நிமிர்வதற்குள் அக்கா ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்திருந்தார். ஏதாவது உதவி செய்ய வேண்டுமே என்று, காற்றுக்காக ஃபேன் சுவிட்சில் கை வைத்தேன்.

"ஏலே, சுவிட்சுல இருந்து கையை எடு!"

(தம்பி 'ஏலே' ஆனதை அப்போது நான் கவனிக்கவில்லை.)

"எல்லாரும் வெளிய போங்க" என்று பெண்களைத் தெருவுக்கு விரட்டிவிட்டு, அக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினார். அங்கே விறகடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. தண்ணீரையும் என் தீப்பெட்டியையும் சேர்த்து அதன் மேல் கவிழ்த்தார். நெருப்பு அணைந்தது. மதியச் சோறும் போனது.

தெருவில் வந்து நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தக் குச்சியை உரசியிருந்தால் உள்ளே ஆறு பேர். வாசலில் நின்ற நாலு முகத்தையும் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

எதிர் வீட்டிலிருந்து கணவர் வந்தார். "என்ன வே, டெமோ முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டு. நான்தான் காட்டுனேன்" என்றார் அக்கா.

வெகுநேரம் கழித்து அக்காவே உள்ளே போய், தரையோரம் குனிந்து மோந்து பார்த்து, குமிழை மூடி, டியூப்பில் சோப்புத் தண்ணீர் தடவிச் சோதித்து, அடுப்பைப் பற்றவைத்தார். முதல் சமையல் மிளகு ரசம். "குடிங்க, சளி இறங்கட்டும்" என்று ஒரு டம்ளர் நிறைய எனக்குக் கொடுத்தார். மரியாதை திரும்பிவிட்டது. ரசத்தின் வாசனைதான் தெரியவில்லை.

சேதி என் சைக்கிளை முந்திக்கொண்டு முதலாளியிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அவர் திட்டவில்லை. மறுநாளிலிருந்து காலையில் கிளம்பும் முன் கண்ணை மூடச் சொல்லி, பெருங்காயத்தையோ மண்ணெண்ணெய்த் துணியையோ மூக்குக்கு நேரே நீட்டுவார். சரியாகச் சொன்னால்தான் சைக்கிள் சாவி. புதிதாக இணைப்புக் கேட்டு வந்த பெண்கள், "மாரியம்மா அக்கா வந்து காட்டுவாவளா?" என்று என் எதிரிலேயே விசாரித்தார்கள்.

என் கல்யாணத்துக்கு அக்கா வந்திருந்தார். மணமேடையில் ராயகிரிப் பெண்ணான என் மனைவியின் காதோரம் குனிந்து, முழுக் கதையையும் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடப் போனார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். எனக்குச் சளி என்றால் நான் அடுக்களை வாசலைத் தாண்டக் கூடாது. ஒரு காப்பி போடலாம் என்று எழுந்தாலும், "அங்கனயே இருங்க! அக்கா சொல்லிட்டுப் போயிருக்காவ" என்று சத்தம் வரும், பின்னாலேயே காப்பியும் வரும். பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் கண்டுகொள்வதில்லை. நல்ல வெயில் காலத்தில்கூட மாதத்துக்கு நாலு தடவை எனக்குச் சளி பிடிக்கிறது.