கணினிக் காவலனோடு ஏசுபாதம் பொருத காதை

வாழ்க மேற்குத் தாம்பரம் ஈன்ற மாவீரன். வாழ்க, குளிரூட்டிய எட்டடிக் கூடத்தில் செருப்பணியாது வீற்றிருந்து கல்யாணப் பத்திரிகை சமைக்கும் விரல்வேந்தன் ஏசுபாதம். ஆங்கிலமன்றி ஏதுமறியாக் கணினிக்குத் தமிழ் பயிற்றவேண்டி, மூன்றாண்டு ஊணுறக்கம் துறந்து தானே ஒரு மென்பொருள் படைத்த பெருந்தகை. அந்த மூன்றாண்டும் மனைவி யூனிஸ் என்ன சொன்னாள் என்பது தெருவுக்கே தெரியும்; நாம் வாயைத் திறப்பானேன்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஆவணி வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதரைக்குப் போர் மூண்டது.

யூனிஸின் தம்பி பொன்னுசாமி சிங்கப்பூரிலிருந்து அக்காள் கணவனுக்குச் சீராகக் கொணர்ந்த ஃப்ளாப்பியில் உறைந்தவன் வைரஸ் காவலன்: இமையா விழியன், செம்பெட்டிக் கொடியன், மணியோசை முரசன். முந்தின மாலைதான் கணினியில் குடியேறினான். அனகாபுத்தூர்க் கங்கையம்மாளின் மகளுக்கு மணவோலை அச்சிட ஏசுபாதம் தன் மென்பொருளை எழுப்பியதும், அதை வைரஸ் என்று கூவிக் கொன்றான். விசைப்பலகையை மறித்து எழுத்தை மாற்றுவதே அம்மென்பொருளின் தொழில். மறிப்பவன் எவனும் திருடனென்பதே காவலன் கற்ற ஒரே சாத்திரம். பத்தரைக்கோ இராகுகாலம்; அதற்குள் முதல் பத்திரிகையில் மஞ்சள் தடவியாக வேண்டும்.

கலங்கினானில்லை ஏசுபாதம். ஃப்ளாப்பித் தூணியிலிருந்து மென்பொருளை மீண்டும் உருவி எய்தான், கொன்றான் காவலன். பெயர் மாற்றி, மாறுவேட ஒற்றனென அனுப்பினான். வேடம் கலைத்துக் கொன்றான். கணினியையே அணைத்துத் துயிலெழுப்பினான். எழுந்ததும் முதல் வேலையாகக் கொன்றான்.

"தம்பி, எங்க வூட்டுப் பத்திரிகைல சீக்கு கீதுன்னு பொட்டியே மணி அடிக்குது. நான் எதிர்க்கடைல போய் அடிச்சிக்கிறேன்," எனப் பிரகடனம் செய்து, மஞ்சள் கிண்ணத்தை மூடினாள் கங்கையம்மாள்.

காவலனை உறங்கவைக்க ஒரு விசை போதும். ஆனால் பக்கத்து நாற்காலியில், சீர் தந்த செம்மலாகக் காலாட்டியபடி அமர்ந்திருந்தான் பொன்னுசாமி.

"மிஷினு பொய் சொல்லாது மாமா. ஆஃப் பண்றதுக்கா அத்த சிங்கப்பூர்லேர்ந்து தூக்கினு வந்தேன்?"

மச்சான் முகம் சுண்டினால் யூனிஸ் முகம் சுண்டும். யூனிஸ் முகம் சுண்டினால் அவ்வீட்டு அடுப்பில் ஒரு வாரம் பூனை உறங்கும். முன்னே இராகு, பக்கலில் மச்சான், எழுந்து செருப்பைத் தேடும் கங்கையம்மாள், நான்காம் முறையாக மாண்டு கிடக்கும் மூன்றாண்டுத் தவம் என நாற்றிசையும் சூழப்பட்டு, பத்து இருபதைத் தொட்ட கடிகார முள்ளை நோக்கி நின்றான் அந்த நிகரிலா வீரன்.

பொன்னுசாமி டீ குடிக்க வெளியே போனான், ஏசுபாதம் காவலனை ஆஃப் பண்ணிவிட்டுப் பத்திரிகையை அடித்துக் கொடுத்தான்.