பச்சை பிடிக்காத பித்தளை

மணலில் புதைத்த பித்தளைக் காசுகளில் ஒன்றைக் காணவில்லை. சாஹுல் ஹமீது கரை முழுக்கச் சலித்துப் பார்த்தார். சிப்பிதான் வந்தது.

சண்டை முடிந்து வெள்ளைக்காரர்கள் ஆலங்குடாவுக்கு வரத் தொடங்கியதும் முளைத்த ஹோட்டலின் கரை அது. மனேஜர் நிஸார் அவர்களுக்குப் புதையல் விளையாட்டு வைத்திருந்தார். "ரோமாபுரிக் கப்பலெல்லாம் இந்தக் கரைக்கு வந்தது. அங்க ராசா மாறினா பொற்காசில முகமும் மாறும்" என்று கதை விடுவார். காலையில் காசைப் புதைப்பதும், பின்னேரம் பொறுக்கிப் பச்சைக் களிம்பு போகப் புளி போட்டுத் தேய்ப்பதும் ஹமீதின் வேலை. முந்தி உப்பளத்தில் மூட்டை சுமந்தவர். மகள் மபாஸாவின் நிக்காஹ்வுக்கு ஒரு சோடித் தங்கத் தோடாவது போட வேண்டும். இந்தச் சம்பளத்தைத்தான் நம்பியிருந்தார்.

"காசு ஊத்துற வின்சன்ட் தந்த புதுப் பையிலயே ஒண்டத் தொலச்சிட்டீங்களா? நாளைக்கு அந்தக் காசு வராட்டி வேற ஆளப் பாப்பேன்" என்றார் நிஸார்.

பையை எண்ணாமல் வாங்கியது தன் பிழை. ஹமீது மறுபடி சல்லடையை எடுத்தார்.

மறுநாள் விடிய, கடல் அரித்த மேட்டடியில் ஆழத் தோண்டினார். ஒரு காசு மின்னியது. உப்புத் தண்ணீரில் கிடந்தும் பச்சையே இல்லை.

"அல்ஹம்துலில்லாஹ்! புளிச்செலவும் மிச்சம்."

வீட்டில் மனைவி மஹ்மூதா திருப்பிப் பார்த்தாள். "இஞ்சாருங்க, மூஞ்சி வேறயே? மத்ததுல தாடிக்காரன். இவன் மழிச்சவன். கழுத்துல கட்ட நூல் கோக்குற ஓட்டையும் இல்ல."

"வின்சன்ட் குடிவெறியில ஊத்தியிருப்பான்."

"உருவம் போட்ட சாமான் இருந்தா ஊட்டுக்கு வானத்து மலக்கு வராது. வெளிய கொண்டு போங்க!"

முகத்தை மழுக்கிவிட்டால் மனேஜருக்கும் தெரியாது என்று ஹமீது சுத்தியலை எடுத்தார். இன்றைக்கும் சுத்தியலைக் கண்டால் அவருக்கு நெஞ்சு எரியும். ஒரே அடி. ராசா சப்பளிந்து போனார். நூல் கோக்க ஆணி வைத்தார். சுடச்சுட வெந்த பாணுக்குள் கத்தி போவதுபோல் இறங்கியது.

"என்ன ஹமீது நானா, இதுக்கு மேல பஸ் ஏறினதா?" ஹோட்டலில் காசைப் பார்த்துக் கேட்டார் நிஸார்.

"வெயில் சேர்."

"வெயிலுக்கு நசியுமா? இத விளையாட்டுல போடேலா. அந்தா, கட்டுநாயக்கா ஏர்போட் வேன்ல ஏறுற வெள்ளைக்காரப் புள்ளைக்குக் குடுங்க. உங்கட வேலை தப்பிச்சு, போங்க."

ஹமீது தன் கையாலேயே அந்தப் பிள்ளையின் கழுத்தில் கட்டிவிட்டார். வேன் மறையும்வரை கைகாட்டினார்.

பின்னேரம் சிலாபத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான் வின்சன்ட். ஹமீது பிடித்துக்கொண்டார்.

"டேய், என்ன பித்தளைடா அது? தட்டினா சப்பளியுது, ஆணி வெச்சா இறங்குது. ஆனா ஒண்டு சொல்லணும், உப்புத் தண்ணில கிடந்தும் பச்சை பிடிக்கல்ல."

வின்சன்ட் சட்டைப் பையிலிருந்து ஒரு தாடிக்காரக் காசை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான்.

"குறைஞ்ச காசு இந்தா இருக்கு, நானா, பட்டறையிலயே விட்டுட்டு வந்துட்டேன்; என்ட பித்தளை ரெண்டு நாள்ல பச்சையாகும், நீங்க சொல்றது தங்கம்."