மணல் கழுவின தண்ணீரும் மகளின் நிகாஹும்

கடுகண்ணாவை,
வியாழக்கிழமை.

மருமகனாக வரவிருந்த நஸீப் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு அல்லாஹ்வின் உதவியால் அனைவரும் சுகம், என் வயிறு உட்பட. தங்கள் வீட்டாரின் சுகத்துக்கும் துஆச் செய்கிறேன்.

'வரவிருந்த' என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். போன வாரம் நீங்கள் வேலை செய்யும் தண்ணீர் நிலையத்தைப் பார்க்க அன்பாகக் கூப்பிட்டீர்கள், நானும் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தேன். வடிகட்டும் மணலுக்கு அடியிலிருந்து தண்ணீரை மேலே தள்ளி மணலைக் கழுவினீர்கள். என் தேத்தண்ணிக் கடைச் சாயத்தின் நிறத்தில் பொங்கிக்கொண்டு வந்தது. இந்த அழுக்கை எங்கே ஊற்றுவீர்கள் என்று கேட்டேன். "ஊத்துறல்ல மாமா. தொட்டில விட்டு, சேறு அடில தங்கினதும், தெளிஞ்சத திரும்ப ஆரம்பத்துக்கே அனுப்புற. திரும்ப மருந்து, திரும்ப மணல், திரும்ப குளோரின்" என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். யா அல்லாஹ், இது சிரிக்கிற விஷயமா? மணல் குளிச்ச தண்ணிய ஊரே குடிக்குது!

நேரே பள்ளிவாசலுக்குப் போய் இமாம் ஹஸரத்தைப் பிடித்தேன். தொழுகைக்கு முன் ஒருவர் கைகால் முகம் கழுவி வுளூச் செய்து வழிந்த தண்ணீரில் இன்னொருவர் வுளூச் செய்ய முடியாதே, அப்படியென்றால் மணல் குளிக்கப் பாவித்த தண்ணீரில் வுளூச் செய்து நான் தொழுததெல்லாம் திரும்பத் தொழ வேண்டுமா என்று கேட்டேன். "ஹாஜியார், மணல் தொழப் போறல்லயே" என்றார். அவர் வீட்டிலும் உங்கள் குழாய்தான், வேறென்ன சொல்வார்?

ஆகவே அந்தத் தண்ணீரை ஊருக்கு அனுப்புகிறவரோடு நிகாஹ் இல்லை. மகள் மஸாஹிரா அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுகிறாள். எனக்கும் தாங்கவில்லைதான், ஆனால் நிகாஹ் இல்லையென்று வீட்டில் சொன்ன சொல்லை எப்படித் திருப்பி எடுப்பது? என் மனைவி மஸீனா சோற்றை மேசையில் படாரென்று வைக்கிறாள், சோற்றுக்கு ஊற்ற ஆணம் கேட்டால் அவளுக்குக் காது கேட்பதில்லை. ஈக்கட்டும், பரவாயில்லை. வேன்காரன் ரஸீனைக் கொண்டு ஹந்தானை மலை ஊற்றுத் தண்ணீரைத் தினமும் கேன் கேனாக எடுப்பிக்கிறேன். அதென்ன தண்ணி! நெஞ்செரிச்சல் போன எடம் தெரியல்ல. கடை வாசலில் 'ஹந்தானை ஊற்றுத் தேத்தண்ணி' என்று பெரிய போர்டும் அடித்துவிட்டேன், பஸ்ஸை நிறுத்திக் குடிக்கிறார்கள். நாக்கில் வைத்தாலே எனக்கு வித்தியாசம் விளங்கும். இத்துடன் ஒரு போத்தல் அனுப்புகிறேன். தண்ணீர் என்றால் என்னவென்று குடித்துப் பாருங்கள்.

உங்களுக்கு வேறு நல்ல இடம் அமையவும் உங்கள் மணல் சுத்தமாகவும் துஆச் செய்யும்,
மஹ்மூத் ஹாஜியார்

பி.கு.: கடிதத்தையும் போத்தலையும் உங்களிடம் கொடுக்கச் சொல்லி ரஸீனிடம் நீட்டினேன். போத்தலைப் பார்த்து முழித்தான். "இத அவருக்கேயா அனுப்புற, ஹாஜியார்? மல ரோட்ல வேன் ஏறல்ல. மொத நாளே நிலையத்து கேட்ல நஸீப் நானாவக் கண்ட. மாமா தாகத்தோட ஈக்கப் போறாரெண்டு அவரே நிலையத்துக் கொழாய்ல கேன நெரப்பித் தந்தாரு. தெனமும் அவர்தான். ஒங்களுக்குச் சொல்ல வாணாமெண்டாரு."

கடிதத்தைக் கிழிக்கப் போனேன், மஸீனா பிடுங்கிக்கொண்டாள். "இதயே அனுப்புங்க, மருமகன் சிரிக்கட்டும்" என்றாள். மஸாஹிரா கதவைத் திறந்துவிட்டாள். மேலே எழுதியதில் ஸலாமை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மகன். நிகாஹ் பேசின நாளிலேயே நடக்கும், புரியாணிக்கும் அந்தத் தண்ணிதான். ஆனால் யார் கேட்டாலும் ஹந்தானை ஊற்று என்றே சொல்லுங்கள். போர்ட் அடித்தாகிவிட்டது.