வேப்பமரத்தில் ஆடிய எலுமிச்சம்பழம்

விபத்து நடந்துவிட்டால் எல்லோரும் காரணம் தேடுவார்கள். நடக்க இருந்தது நடக்காமல் போனால் மட்டும், திருஷ்டி கழித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். அப்படிக் காப்பி குடித்தவர்களில் நானும் ஒருத்தி. அதுவும் பயிற்சி பெற்ற பைலட்!

(விமானத்தை நினைக்க வேண்டாம். வயலுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன்தான். ஆனாலும் சட்டையில் 'பைலட்' என்று எழுதியிருக்கும்.)

அரியலூரில் சுண்ணாம்புக்கல் தோண்டி மூடிய பொட்டல் ஒன்றில் பயிற்சி. விமானத்துறையில் நூலிழையில் தப்பிய சம்பவத்தையும் விபத்தைப் போலவே ஆராய்வார்கள், யார் செய்தது என்பதைவிட ஏன் நடந்தது என்றுதான் கேட்பார்கள் என்றார் பயிற்சியாளர். முன்வரிசையில் உட்கார்ந்து அதை அப்படியே ஒப்பித்துக் கைதட்டல் வாங்கினேன்.

எங்கள் மகளிர் குழுவின் முதல் வேலை, குரும்பலூரில் ஒரு மக்காச்சோள வயல். குழுத் தலைவி என் மாமியார். ஒழுங்காக ஓட்டாவிட்டால் ட்ரோனைப் பக்கத்து ஊர்க் குழுவுக்கு மாற்றிவிடுவோம் என்று, ட்ரோன் கொடுத்த ஆபீசில் முன்பே சொல்லியிருந்தார்கள். குழுப் பெண்கள் எல்லோரும் என் கையைத்தான் நம்பியிருந்தார்கள்.

முதல் சுற்றில் பேட்டரி குறைந்ததும் ட்ரோன் தானாகத் திரும்பியது. வரப்பு ஓரத்து வேப்பமர உச்சியை உரசி, இலைகளை உதிர்த்து, எப்படியோ வந்து இறங்கியது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"என்னங்க, மரத்துல மோதப் பாத்துச்சு?" என்றார் வயல்கார அண்ணன்.

"அதான் ஒண்ணும் ஆகலையேங்கண்ணே" என்றேன், கெத்தாக.

"ஊரு கண்ணு பூரா பட்டுடுச்சு" என்ற அத்தை, எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் கோத்து ட்ரோனின் காலில் கட்டினார். முடிச்சை இறுக்கியது நான்தான். (வகுப்பில் ஒப்பித்த அதே நான்.) பிறகு எல்லோரும் காப்பி குடித்தோம்.

பேட்டரி குறைந்தால் ட்ரோன் எந்த உயரத்தில் பறந்து திரும்ப வேண்டும் என்பதை ரிமோட்டில் நாம்தான் குறிக்க வேண்டும். பயிற்சியின்போது, மரமே இல்லாத பொட்டலில் குறித்த உயரம் அப்படியே இருந்தது. அதைப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாம் சுற்றிலும் அதே வழி, அதே உயரம். காற்று லேசாகத் தள்ள, ட்ரோன் வேப்பமரத்துக்குள் போய்ச் செருகிக்கொண்டது. முறிந்த இறக்கை, அண்ணன் சற்றுமுன் நின்றிருந்த இடத்தில் விழுந்தது. மேலே எலுமிச்சம்பழம் ஆடிக்கொண்டிருந்தது.

"பாத்தியா, கீழ வுழாம புடிச்சுக்கிச்சு!" என்றார் அத்தை.

நான் வரப்பில் உட்கார்ந்து அழுதேன். பிறகு பயிற்சியாளருக்குப் போன் செய்து, உதிர்ந்த இலை உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

"இலை விழுந்தப்பவே யோசிச்சிருந்தா ஓசியில ஒரு பாடம். சரி, மறைக்காம சொன்னீங்களே" என்றார். அவரே ஆபீசில் பேசினார். ட்ரோன் பழுது பார்க்கப்பட்டு எங்களிடமே வந்தது. ஒரே நிபந்தனை, புதிதாகப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு இந்தக் கதையை நான் வந்து சொல்ல வேண்டும். எலுமிச்சம்பழம் வரும்போதெல்லாம் வகுப்பே சிரிக்கிறது.

எங்கள் வீட்டிலும் அது ஒரு சொல்வழக்காகிவிட்டது. பால் பொங்கி வழியப் பார்த்தாலும், பஸ் தவறப் பார்த்தாலும், "எலுமிச்சம்பழமா, உயரமா?" என்று கேட்பார்கள்.

போன வாரம் மாமா குளியலறை வாசலில் வழுக்கி, கதவைப் பிடித்துத் தப்பினார். உப்பு மிளகாயோடு ஓடிவந்த அத்தை பாதி வழியில் நின்று என்னைப் பார்த்தார்.

"உயரமா?"

"பாசிங்க அத்தை."

மிளகாயை என் கையில் கொடுத்துவிட்டு, தேங்காய் நாரால் தரையைப் பரபரவென்று தேய்த்தார். பாசி போனதும் கையைத் துடைத்துக்கொண்டு, மிளகாயைத் திரும்ப வாங்கி மாமாவுக்குச் சுற்றிப் போட்டார்.