ஓசிப் பந்தல்

நான் எதையும் தூக்கிப் போடமாட்டேன். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. இப்போது குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோலச் சொல்கிறேன்.

என் பழைய பேண்ட்டை வெட்டித் தைத்த பையோடுதான் என் மனைவி சரோஜா உத்திரமேரூர் ரேஷன் கடை வரிசையில் நிற்பாள். (பாக்கெட்டோடு தைத்தேன், கார்டு வைக்க வசதி!) மகள் வனிதா பத்தாவது வரை கணக்குப் போட்டுப் பார்த்தது தேதி காலண்டரின் பின்பக்கத்தில். பள்ளிக்கூட கிளார்க்குக்கு இவ்வளவு பஞ்சமா என்று கேட்காதவர்கள் தெருவில் இல்லை.

ஃப்ளெக்ஸ் பேனர் எங்கள் பக்கம் பரவியபோது அதை அடிப்பவர்களைவிட நான்தான் அதிகம் மகிழ்ந்தேன். கிழியாது, நனையாது, விசேஷம் முடிந்தால் கேட்பாரற்றுக் கிடக்கும். எங்கள் குளியலறை மறைப்பில் முன்பின் தெரியாத ஒரு புதுமணத் தம்பதி மாலையும் கழுத்துமாக நிற்பார்கள். வனிதா அவர்களைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் குளிப்பாள்.

வனிதாவுக்குப் பெருநகரிலிருந்து ஒரு வரன் வந்தது. அவர்கள் வீட்டில் ஒரு துக்கம் நடந்து, வருஷம் திரும்பிய பிறகு இப்போதுதான் நல்ல காரியம் பேசுகிறார்கள் என்றார் தரகர். நானே நேரில் போய்ப் பார்த்தேன். தங்கமான பையன். திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் ஒரு பெரிய பேனர் கயிறு அறுந்து முள்செடிமேல் சாய்ந்து கிடந்தது. ‘முதலாம் ஆண்டு நினைவஞ்சலி’. பெரிய மீசைக்காரர் ஒருவர் சிரித்தபடி கும்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, நீள அகலத்தைத்தான் பார்த்தேன். அஞ்சலி நாள் முடிந்துவிட்டது, இனி யாருக்கு வேண்டும்? சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். (மடியில் படுக்கவைத்துக்கொண்டதால் லக்கேஜ் டிக்கெட்டும் இல்லை.)

நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தோம்.

“இந்த ஒரு நாளைக்காச்சும் ஷாமியானா சொல்லுங்க” என்றாள் சரோஜா.

“அது ஓட்ட ஓட்டயா கீது. என்னாண்ட கீறதப் பாரு, புத்தம் புதுசு.”

“செத்தவங்களுக்கு வெச்சத இன்னாத்துக்குங்க பொண்ணு தல மேல கட்றீங்க?”

“படம் ஆகாசத்தப் பாத்துக்கினு இருக்கும். கீழ வெறும் வெள்ள. எவனுக்குத் தெரியும்?”

விடியற்காலையில் நானே வாசலில் கழி நட்டுக் கட்டினேன். மேகமூட்டம். அடிப்பக்கம் பால் போல வெள்ளை. சரோஜாவே அண்ணாந்து பார்த்துவிட்டு, “நல்லாத்தான் கீது” என்று முனகினாள். அவளிடம் நான் வாங்கிய கடைசிப் பாராட்டு அது.

பெருநகர்க்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வரும்போதே கண் சிவந்திருந்தார். டிபன் முடிந்து, தட்டு மாற்ற எல்லோரும் பந்தலில் உட்கார்ந்தோம். வனிதாவுக்குப் பூ வைக்க அந்த அம்மா எழுந்தார்.

அந்த நேரம் பார்த்து மேகம் விலகியது.

உச்சி வெயில் பேனர்மேல் நேராக விழுந்தது. வெள்ளைத் துணியில் முதலில் மீசை வந்தது. பிறகு கும்பிட்ட கைகள். எழுத்தெல்லாம் இடம் வலம் மாறிக் கிடந்ததால் படிக்க முடியவில்லை. ஆனால் முகத்தை எந்தப் பக்கமிருந்து பார்த்தால் என்ன, முகம் முகம்தான். சபைக்கு நடுவில், தலைக்குமேலே, ஒரு ஆள் உயரத்துக்கு ஜெகஜ்ஜோதியாக அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா!” என்று அலறினார் அந்த அம்மா.

என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, “சொல்லும்மா” என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கையிலிருந்த பூ கீழே விழுந்தது. மாப்பிள்ளையின் அப்பா மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இன்னா சம்மந்தி இது? எங்க மச்சான் பேனரு உங்க வூட்டு மேல எப்டி வந்துச்சி?”

“காத்துல...” என்று இழுத்தேன்.

“பெருநகர்லேர்ந்து உத்திரமேரூருக்கா?”

இறந்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். அவர்கள் வீட்டுக் கூடத்தில் நான் காப்பி குடித்தபோது இதே படம் மாலையோடு என் எதிரில்தான் இருந்ததாம். (நான் அங்கே கவனித்தது பழைய டயரில் செய்த முக்காலியை.) உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“அடப்பாவி மனுசா! பஸ் ஸ்டாப் டீக்கடக்காரன்தான் எட்த்துக்கினான்னு அவனோட பேச்சே நிறுத்திட்டோமேய்யா!” என்று கத்தினார் சம்மந்தி.

பின்வரிசையில் யாரோ “சகுனமே சரியில்ல, கெளம்புங்க” என்றார்கள். இரண்டு பேர் எழுந்தே விட்டார்கள். வனிதா என்னைப் பார்த்தாள். திட்டவில்லை, அழவில்லை. குளியலறை மறைப்பையும் காலண்டர் கணக்கையும் பொறுத்துக்கொண்ட பெண், அன்றைக்கு மட்டும், இது கூடவா அப்பா என்பதுபோலப் பார்த்தாள். கயிற்றை அவிழ்க்க ஓடினேன்.

“தொடாதீங்க!”

அந்த அம்மாதான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மாமன் இல்லாம எம்புள்ளைக்குத் தட்டு மாத்துறோமேன்னு வேன்ல அழுதுக்கினே வந்தேன். தோ, எங்கண்ணன் கும்புட்டுக்கினு வந்து நிக்குது. அவுத்து அனுப்பிடுவீங்களா?” பிறகு எழுந்து நின்றவர்களிடம் திரும்பி, “ஒக்காருங்க. தாய்மாமன் மேல கீறப்போ இன்னா சகுனம் பாக்கறீங்க?”

தட்டுகளை நகர்த்தி, மீசைக்கு நேர் கீழே வைத்து மாற்றினார்கள். சம்மந்தி மட்டும் சாப்பாடு முடியும்வரை என்னோடு பேசவில்லை. பாயசம் வந்த பிறகு, பந்தல் கயிற்றை அண்ணாந்து பார்த்து, “முடிச்சி நல்லாத்தான் போட்டுகீறீங்க” என்றார். சாயங்காலம் பேனரை அந்த அம்மா தன் கையாலேயே மடித்து வேனில் எடுத்துப் போனார்.

வனிதாவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். நான் பெருநகர் போய்த் திரும்பும்போதெல்லாம் மாப்பிள்ளை பஸ் நிறுத்தம்வரை கூடவே வருகிறார். மரியாதைக்கு என்றுதான் நினைத்திருந்தேன். “அப்டி இல்லப்பா. ஊர்ல யாராச்சும் செத்தா பேனர் வெக்கிறாங்கல்ல. அதான் அத்தை கூட அனுப்புறாங்க” என்று வனிதாதான் சொன்னாள்.

எனக்கும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தலுக்குள் கால் வைத்ததும் அண்ணாந்து பார்த்துவிடுகிறேன். சரோஜா என் கையைப் பிடித்து இழுக்கிறாள்.

“யாருமில்ல, வந்து ஒக்காருங்க.”