கீழ்க்கட்டில் பர்வம்

டக். கார்மேகம் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டான்.

போற்றுவோம் அவனை. ஷார்ஜா தொழில்பேட்டையின் புழுதிப்படலத்தை ஒற்றை மஞ்சள் துணியால் துடைத்தெறிந்த தூசுமர்த்தனனை, சாய்த்துப் பிடித்த டியூப் லைட் ஒளியில் பத்தடி தூரத்திலிருந்தே பழைய டிங்கர் வேலையைப் பிடித்துவிடும் நுண்விழியோனை, கீறல்களின் காலனை, கடைசியாக ஒரு கை மெழுகு பூசாமல் எந்தத் தேரையும் கேரேஜ் வாசல் தாண்டவிட்டறியாத மெருகுவேந்தனை, பஃபிங் மெஷின் ஏந்திய பெருந்தோளனை, கமுதிக் கரிசல் ஈன்ற காளையைப் போற்றுவோம். எட்டுக் கட்டில் போட்ட அறையில், இருக்கும் ஒரே குளியலறைக்குள், காலை ஐந்தேகால் மணிக்கு, டூட்டி வேன் வர இன்னும் பத்தே நிமிடம் இருக்கையில், உள்ளே போய்த் தாழிட்டுக்கொள்ளும் துணிவு வேறெந்த வீரனுக்கு வரும்?

வெளியே முற்றுகை தொடங்கிற்று. லுங்கிப்படை முன்னணியில், துண்டுப்படை இருமருங்கில், பல் துலக்கும் பிரஷ்களை வேலென ஓங்கிய நுரைவாய்ப்படை பின்னணியில் என அணிவகுத்து, ஊழிக்கடல் பொங்கினாற்போல் ஆர்ப்பரித்து வந்து கதவை மோதிற்று. வாளிகள் முரசாயின. ஒருவர் வயிற்றைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் தவமிருந்தார்.

“கார்மேகண்ணே, உள்ள இருக்கீங்களா, இல்ல ஜன்னல் வழியா ஊருக்குப் போயிட்டீங்களா?” ராஜிக்கின் குரல்.

“ரெண்டு நிமிஷம்யா.”

“இதையே அஞ்சு நிமிஷமா சொல்றீங்க.”

மின்விசிறி சுழலாத, தூசி பறக்காத, எவன் மூச்சும் படாத இடம் அந்த வீட்டில் அது ஒன்றுதான். தரையைத் துணியால் ஒற்றியெடுத்து, ஒரு துளி ஈரமும் இல்லாமல் உலர்த்தி, வாளியைக் கவிழ்த்துப் பீடமாக்கி, அதன்மேல் விரித்த மஞ்சள் துணியில் அவன் பள்ளிகொள்ளச் செய்திருந்தது ஒரு கிரிக்கெட் கார்டு. வலக்கையில் டார்ச். பாக்கெட்டில் இன்னொரு பொருள். அது என்னவென்று இப்போது சொல்வதற்கில்லை. அடுத்த நான்கு நிமிடங்களில் அங்கே நடந்ததற்கு வாளியும் மக்குமே சாட்சி. வாளி கவிழ்ந்து கிடந்தது. மக் எந்நேரமும் வாயைத் திறந்தே வைத்திருந்தாலும் இன்றுவரை எதுவும் சொன்னதில்லை.

கதவு திறந்தது. கார்டைக் கண்ணாடித்தாள் உறையிலிட்டு, இரண்டு பிஸ்கட் அட்டைகளுக்கு நடுவே வைத்து ரப்பர் பேண்ட் போட்டு, நெஞ்சோடு அணைத்தபடி வெளிப்பட்டான் நம் வீரன். முப்படையும் அவனை மிதித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது.

போர் மூண்ட காரணம் இனி.

சரவணகுமார் விசா கேன்சல் ஆகி ஊர் திரும்பியதும் அவனுடைய கீழ்க்கட்டில் காலியாயிற்று. கட்டிலா அது? மேல்கட்டிலின் கம்பியில் திரைச்சீலை கட்டி நாற்புறமும் மூடிக்கொள்ளத்தக்க தனிமாளிகை. தலைமாட்டிலேயே பிளக் பாயின்ட் வாய்க்கப்பெற்ற மின்னூற்று. ஏசி சொட்டும் நீர் எட்டாத நிழல்நாடு. மேல்கட்டிலில் கிடப்பவனுக்கோ திரை கட்ட மேலே எதுவும் கிடையாது. நெற்றியில் விழும் அபிஷேகத்துக்கு மட்டும் குறைவில்லை.

கார்மேகத்துக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். மனைவி அகிலாவோடு அடுத்தவர் காதில் விழாமல் அவன் பேசியது இரண்டே இரண்டு லீவில். மற்ற நாளெல்லாம் மேல்கட்டிலில், ஏழு ஜோடிக் காதுகளின் நடுவே, ‘ம்’, ‘சரி’, ‘அப்புறம்’ என்ற மூன்று சொற்களை வைத்தே போனில் இல்லறம் நடத்திவந்தான். மாடிப்படிக்குப் போனால், வாய் திறக்கும் நேரம் பார்த்துக் குப்பைப் பையோடு யாராவது இறங்கி வருவார்கள். ஒரு நாளாவது திரைக்குள் உட்கார்ந்து அகிலாவோடு பேசிவிட வேண்டும். அதுவே அவன் பூண்ட விரதம்.

எதிரே நின்றவன் ராஜிக். கீழக்கரைக்காரன், ரோலாவில் மொபைல் கடை. எந்தப் பொருளையும் உறை போட்டு, கண்ணாடி ஒட்டிய பிறகே நம்புகிறவன். அவனும் மேல்கட்டில்வாசி. அவனுக்கும் போன மாதம்தான் நிச்சயமாகியிருந்தது. ஆகவே விரதம் ஒன்றே, விரதியர் இருவர்.

இருவருக்கும் பித்தும் ஒன்றே. கிரிக்கெட் கார்டு. கடல் கடந்த தேசத்தில் ஒரு தரச்சபை உண்டாம். கார்டை அனுப்பினால், மூலை மழுங்கியிருக்கிறதா, விளிம்பு உதிர்ந்திருக்கிறதா, படம் நடுவில் நிற்கிறதா, மேல்பரப்பில் கீறல் உண்டா என்று பூதக்கண்ணாடி வைத்து ஆராய்ந்து, பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, மறுபடி எவனும் தொட முடியாதபடி பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து முத்திரையிட்டு அனுப்புவார்கள். அப்படி மார்க் போட்டுப் பெட்டியில் அடைத்ததைத்தான் வாங்க வேண்டும் என்பது ராஜிக்கின் சித்தாந்தம். வெறும் கார்டை வாங்கி, நாமே பார்த்துத் தேர்ந்து, நாமே அனுப்பி மார்க் வாங்க வேண்டும் என்பது கார்மேகத்தின் மார்க்கம். சைவ வைணவச் சண்டையெல்லாம் இதற்கு முன்னால் வாய்க்கால் தகராறு.

“நான் அறுத்துக் கழுவி வச்ச மீன வாங்குறேன். நீங்க வலையத் தூக்கிட்டுக் கடலுக்குப் போறீங்க,” என்பான் ராஜிக்.

“பெட்டியத் தொறந்து பார்த்தியாடா? பெயின்ட் அடிச்ச வண்டிய மூடி போட்டு வித்தா, நீ மூடியப் பார்த்து வாங்குவ போல,” என்பான் கார்மேகம்.

இந்நிலையில் விதி விளையாடிற்று. இடக்கை வேகப்பந்து வீச்சாளன் திருமாறனின் முதல் சீசன் கார்டை, ஒன்பது மார்க் முத்திரையோடு, பெட்டியோடு, பளபளவென்று வாங்கி வந்தான் ராஜிக். அதே வாரம் சூப்பர் மார்க்கெட்டில் கார்மேகம் வாங்கிக் கிழித்த பாக்கெட்டிலிருந்து, மேகத்தைக் கிழித்து மின்னல் விழுந்தாற்போல், அதே திருமாறன், அதே முதல் சீசன், வெறுமையாக அவன் உள்ளங்கையில் விழுந்தான்.

மேல்கட்டிலில் எழுந்து நின்று, கூரை இடித்ததால் உடனே குனிந்து நின்று, கார்மேகம் சூளுரைத்தான். இக்கார்டு பத்து வாங்கும். வாங்காவிடில் இனி என் கையால் பாலிஷ் துணியைத் தொடேன். சாய்ந்த ஒளியில் நான் காணாத குறையை எந்தச் சபையும் காணாது!

அறைக்கு அரசர் ஜெயமணி. கிரேன் ஆபரேட்டர். வாடகைச் சீட்டில் அவர் பெயர் இருந்தபடியால் அரசாண்டார். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியை உயர்த்தித் தீர்ப்பு வழங்கினார்.

“சீட்டுக் குலுக்கிப் போட்டா ஒருத்தன் அழுவான். வயசு பார்த்தா இன்னொருத்தன் அழுவான். எந்நேரமும் அந்தப் படத்த வச்சுத்தானடா அடிச்சுக்கிறீங்க, அதுலயே முடிச்சுக்கங்க. ராஜிக்குட்ட ஒன்பது இருக்கு. உனக்கு ஒன்பதுக்கு மேல வந்தா கட்டில் உனக்கு. கொறஞ்சா அவனுக்கு. கலாஸ், முடிஞ்சது.”

“சமமா வந்தா?”

“அரிசி மூட்ட படுத்துக்கட்டும்.”

ஆகவே அரிசி மூட்டை அன்றே கீழ்க்கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டது.

இப்போது அந்தக் காலைக்குத் திரும்புவோம். வேனில் பன்னிரண்டு பேர். நடுவில் கார்மேகம். இடப்புறம் ஒருவன் மடியில் மூடி சரியாக மூடாத சாம்பார்த் தூக்கு. ஒவ்வொரு ரவுண்டானாவிலும் அந்த மஞ்சட்பிரளயம் விளிம்புவரை எழுந்து எட்டிப்பார்த்து, “வரவா?” என்று கேட்டுவிட்டு அமிழ்ந்தது. ஏழு ரவுண்டானா. ஏழு முறையும் நம் வீரன், சக்கரவியூகத்தில் சிசுவைச் சுமந்தவன்போல் முதுகை வளைத்துக் கேடயமாக்கினான். எட்டாவதில் சாம்பார் எழுந்தது, பறந்தது, வீழ்ந்தது. சட்டை போயிற்று. கார்டு பிழைத்தது.

மதியம், ஸ்பேர் பார்ட்ஸ் எடுக்க டெய்ரா போன பிக்கப்பில் தொற்றிக்கொண்டு, சாம்பார் மணக்கும் சட்டையோடு, தரச்சபைக்குக் கார்டு அனுப்பும் கவுன்டரில் போய் நின்றான். கையுறை மாட்டிய பிலிப்பைன்ஸ் பெண்ணொருத்தி கார்டை வாங்கி, படிவத்தை நீட்டி, கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

“சார், எனி கிளீனிங்? எனி டச்சிங்?”

“நோ. நோ. ஒன்லி லுக்கிங்.”

முதல் நோவுக்கும் இரண்டாம் நோவுக்கும் இடையே ஒரு சின்ன இடைவெளி இருந்தது. அவள் கவனிக்கவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு, “செவன்ட்டி டேஸ்,” என்றாள்.

எழுபது நாள்! காண்டவம் எரிந்து அடங்கியிருக்கும். இலங்கைக்குப் பாலம் கட்டி, போர் முடித்து, பட்டாபிஷேகமும் முடிந்திருக்கும். கார்மேகம் ஏசித் தீர்த்தத்தில் நனைந்தபடி கிடந்தான். எதிர் மேல்கட்டிலில் ராஜிக் தன் ஒன்பதைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினான். நடுவே கீழே, ஏழு கட்டில்களின் பெருமூச்சும் தன்மேல் வீச, அரிசி மூட்டை மட்டும் கால் நீட்டி உறங்கிற்று. மாதம் பிறந்தால் பழைய மூட்டை தீர்ந்து புது மூட்டை வந்து படுக்கும். அதற்குக்கூட அவ்வீட்டில் வாரிசுரிமை இருந்தது.

“எப்பங்க கட்டில் கிடைக்கும்?” என்று அகிலா கேட்பாள்.

“ம்,” என்பான் கார்மேகம்.

“எங்கிட்ட ஏதோ சொல்லணும்னீங்களே?”

“அப்புறம்.”

எழுபத்து மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து ராஜிக் வந்துவிட்டான், பிரியாணிச் சட்டி காலியாகிவிட்டது, எல்லோரும் வீட்டில். பார்சல் வந்தது.

எழுவரும் வட்டமாக நின்றனர். ஜெயமணி வெங்காயக் கத்தியாலேயே டேப்பை அறுத்தார். ஒரு காகிதச் சுருள் விலகிற்று. இன்னொன்று விலகிற்று. குக்கர் விசிலடிக்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டது. பிளாஸ்டிக் பெட்டியைத் தேடிப்போன விரல்களில் தட்டுப்பட்டது, போன அதே கண்ணாடித்தாள் உறை. உள்ளே அதே திருமாறன். பெட்டி இல்லை. முத்திரை இல்லை. கூடவே ஒரு தாள்.

ராஜிக் எடுத்துப் படித்தான். மறுபடி படித்தான்.

“மார்க் இல்லண்ணே.”

“இல்லன்னா? பூஜ்யமா?” கார்மேகத்தின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“பூஜ்யமும் இல்ல. மார்க்கே போட மாட்டாங்களாம். மேல்பரப்புல யாரோ கை வச்சிருக்காங்கன்னு எழுதிருக்கு.”

“யாரு, என்னத்த வச்சான்னு எழுதலயா?” என்றார் ஜெயமணி.

“அது எழுதல.”

எழுந்தான் கார்மேகம். சீற்றம் எரிமலையாய்ப் பொங்க, எண்டிசையும் குற்றஞ்சாட்டினான். அச்சடித்தவன் மேல் ஐயம். பாக்கெட்டில் அடைத்தவன் மேல் ஐயம். விமானத்தின் மேல், விமானம் கடந்த கடலின் மேல், கடலின் உப்புக்காற்றின் மேல் ஐயம். கையுறை மாட்டிய பெண்ணின் கையுறை மேல் ஐயம். அந்த எட்டாவது ரவுண்டானா சாம்பார் மேல் மாபெரும் ஐயம்.

ஜெயமணி கத்தியைக் கீழே வைத்தார். “இங்க பாரு. அன்னைக்குப் பாத்ரூம்ல உக்காந்தியே, ஏதாச்சும் பண்ணுனியா?”

“நோகாம பார்த்தேண்ணே. அவ்வளவுதான்.”

“சத்தியமா?”

“ஏண்ணே, கார்டுக்கு நோகுமாண்ணே?”

கேட்ட கேள்விக்கு இது பதிலாகாது என்பதை அரசர் அறிந்தார். அறிந்தும் மன்னித்தார். “இல்லாத மார்க் ஒன்பதவிடக் கொறவுதான். ராஜிக்கு, மூட்டைய எறக்கு.”

அரிசி மூட்டை பதவியிறங்கிற்று. ராஜிக் புது பெட்ஷீட் விரித்தான், நீலத் திரைச்சீலையை மூன்று புறமும் கட்டினான், சார்ஜரைச் செருகினான். தன் ஒன்பதைத் தலைமாட்டில் சாய்த்து வைத்தான். அது விளக்கொளியில் மின்னிற்று. கார்மேகம் மேல்கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, ஏசி சொட்டுவதை எண்ணினான். நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.

மாலை ஐந்து மணிக்கு யாரோ அவன் காலைத் தட்டினார்கள்.

“அண்ணே, நான் டீ குடிச்சுட்டு வாரேன். வர அரைமணி நேரமாகும். அண்ணிகூடப் பேசணும்னா கீழ எறங்கிப் பேசிக்கங்க,” என்றான் ராஜிக். “சார்ஜரும் போட்டுக்கங்க. உங்க போன் எப்பவும் நாலு பர்சன்ட்லயே கிடக்கு.”

வென்றவன் தோற்றவனுக்கு அரியணையை அரைமணி நேரம் வாடகையின்றி ஈந்த வரலாறு முன்னும் இல்லை பின்னும் இல்லை. கார்மேகம் ஏணியிறங்கினான். நீலத்திரையை விலக்கி உள்ளே புகுந்தான். மூடினான். ஆகா! உலகம் வெளியே போயிற்று. எழுபத்து மூன்று நாள் அரிசி படுத்த பள்ளத்தில் கால் மடக்கி அமர்ந்தான், பிளக்கில் செருகினான், போனில் பச்சை ஒளி துளிர்த்தது. திரைக்கு அப்பால் டிவியின் சத்தத்தை யாரோ குறைத்தார்கள். வெங்காயம் நறுக்கும் ஓசை நின்றது. ஐந்து ஜோடிக் காதுகள் திரைத்துணியின்மேல் வண்டுகளாய் மொய்த்தன.

“எங்கங்க இருக்கீங்க? சத்தமே காணோம்,” என்றாள் அகிலா.

“திரைக்குள்ள.”

“நெசமாவா? கட்டில் கிடைச்சிருச்சா?”

“அரைமணி நேரத்துக்கு.”

மறுமுனையில் வளையல் ஓசை. அவளும் எழுந்துபோய் ஒரு கதவைச் சாத்துவது கேட்டது.

“இங்கயும் யாரும் இல்ல. இப்பச் சொல்லுங்க,” என்றாள்.

மூன்றாண்டு காலம் ‘ம்’ என்னும் ஒற்றை மெய்யெழுத்தின் பின்னே தேக்கிவைத்த சொற்பெருக்கு, கார்காலத்து வைகையென நுரைத்தெழுந்து, நெஞ்சின் மதகுகளை அதிரவைத்து, கண்டத்தில் சுழித்து, நாவின் கரையில் வந்து முட்டிற்று. கை தானாகக் குவிந்து வாயை மறைத்தது. உதடு போனைத் தொட்டது. உலகில் ஒருவருக்கும் சொல்லாத, சொல்லவே முடியாத, சொல்லாமல் இனி ஒரு நொடியும் சுமக்க முடியாத அந்தரங்கம் அவன் உயிரின் அடித்தளத்திலிருந்து கிளம்பி மேலே வந்தது.

“அன்னைக்குப் பாத்ரூம்ல கார்டுக்குக் கொஞ்சம் வேக்ஸ் போட்டுட்டேன்,” என்றான்.