இரண்டாம் பக்கம் தலைகீழ்

அன்புள்ள மச்சானுக்கு அத்தான் எழுதிக்கொள்வது:

நானும் உன் அக்காவும் நலம். நலமறிய ஆவல் என்று எழுதினால் நீ பதில் போடப்போவதில்லை. ஆகவே நீயும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். நான் ட்ரம்ஸ், நீ கிடார், உன் அக்கா பாட்டு என்று ஒரு ராக் குழு வைத்திருந்தோமே, அதன் ஒரே இசைத்தட்டு நாற்பது வருஷம் கழித்து ஏதோ பழைய சாமான் கடையில் ஒரு பெண்ணின் கையில் சிக்கியிருக்கிறது. வானொலியில் வேலை பார்க்கிறவள். தேடிப்பிடித்து வந்துவிட்டாள். நான் பட்டறையில் ஒரு ஃபிரிட்ஜின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தேன். "சார், ரெண்டாவது பக்கம் முழுக்கப் பாட்டு பின்னாலேர்ந்து முன்னால போகுதே, உலகத்துல யாருமே அப்படி யோசிச்சதில்ல சார்!" என்றாள். "நாங்களும் யோசிக்கலம்மா. தட்டு அச்சடிச்சவன் பாட்டு பதிஞ்ச நாடாவைத் திருப்பிச் சுத்தாம அப்படியே கடைசியிலேர்ந்து ஓட்டிட்டான்" என்றேன். "எவ்வளவு அடக்கம் சார் உங்களுக்கு!" என்று அதையும் எழுதிக்கொண்டாள். அப்புறம்தான் குண்டைத் தூக்கிப் போட்டாள்: அரங்கம் பிடித்தாகிவிட்டதாம், தட்டில் இருக்கிறபடியே நாம் மேடையில் வாசிக்க வேண்டுமாம்.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. ட்ரம்ஸில் சத்தம் முதலில் மெதுவாகக் கிளம்பி, கடைசியில் அடி விழ வேண்டும். நானும் முயன்று பார்த்தேன், மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம். உன் அக்கா துணி மடித்துக்கொண்டே வரிகளைப் பின்னிருந்து பாடப் பழகுகிறாள். அதைக் கேட்டு, வாய் கோணிக்கொண்டதோ என்று பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் செருப்பில்லாமல் ஓடி வந்தார். "சும்மா பாடிட்டிருக்கேன் டாக்டர்" என்று அவள் சொன்னதை அவர் இன்னும் நம்பவில்லை.

அந்தத் தட்டின் பேச்சை எடுத்தாலே உனக்கு ஆகாது என்று தெரியும். உன் வாழ்நாளின் நல்ல வாசிப்பு அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. ஊர் கேட்டுச் சிரித்தது. கிடாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு இன்ஷூரன்ஸ் வேலைக்குப் போனவன், கல்யாணம் சாவு தவிர இந்த வாசலை மிதிக்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆகையால் முடியாது என்று அந்தப் பெண்ணிடம் கண்டிப்பாகச் சொல்லப்போகிறேன். நீ வர வேண்டாம். இது முடிவு.

உன் மனைவிக்கு எங்கள் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி, உன் முதுகுவலிக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அந்தப் பெண் மறுபடி வந்துவிட்டாள். கம்ப்யூட்டரில் பாட்டைத் திருப்பி ஓட்டிக் காட்டினாள். உன் கிடார் நேராக வந்தது. உன் அக்கா மடித்த துணியில் முகத்தை வைத்து அழுதாள், நானும்தான். அந்தப் பெண்ணுக்குத்தான் முகம் விழுந்துவிட்டது. "என்ன சார், சாதாரணக் காதல் பாட்டா இருக்கு?" என்றாள். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. உன் அக்கா ஒப்புக்கொண்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கிடாரோடு வந்து சேர். ஊருக்குத் தலைகீழாக வாசிக்கலாம்; அதற்கு முன்னால் வீட்டில் எங்களுக்கு ஒரு தடவை நேராக வாசி.